ஹரீரியால் எழுத இயலாமற்போன கடிதம்

ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த அல்ஹரீரியைப் பற்றி இப்னு கல்லிகான் தமது 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். ஹரீரி முதலில் நாற்பது மகாமாக்களை எழுதிப் பஸ்ராவிலிருந்து பக்தாதுக்குக் கொண்டு வந்தார். அவை அவருடையனவல்ல, பஸ்ராவில் இறந்துபோன ஒரு மஃரிபுநாட்டார் எழுதியவை எனச் சிலர் பழி கூறினர். அமைச்சர் அவரை வரவழைத்து, ஒரு நிகழ்ச்சியைக் குறித்துக் கடிதம் ஒன்று வரையுமாறு பணித்தார். மைக்கூட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் நெடுநேரம் அமர்ந்திருந்த ஹரீரிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நாணத்தோடு எழுந்து சென்றார். பின்னர் பஸ்ரா திரும்பி, மேலும் பத்து மகாமாக்களை எழுதி அனுப்பினார். அரசவையின் அச்சமே அன்று தம்மைத் தடுத்தது எனச் சமாதானமும் கூறினார்.

இச்செய்தியை ஹரீரியின் நேர்மையை ஆராய்வதற்கே பலரும் எடுத்தாள்வர். நமக்கு அதில் வேறொன்று தென்படுகின்றது. அந்த ஐம்பது மகாமாக்களிலும் பேசுபவன் ஊர்சுற்றியான அபூஸைத் ஸரூஜி. கதை சொல்பவன் ஹாரிஸ் பின் ஹம்மாம். இவ்விருவர் வாயிலாகப் பேசும்போது ஹரீரியின் சொல்வளத்துக்கு எல்லையில்லை. புள்ளியில்லா எழுத்துகளைக் கொண்டே ஒரு குத்பாவை முழுமையாக அமைத்துக்காட்டியவர் அவர். ஆனால், 'நடந்ததை நீரே எழுதும்' என்றபோது, ஹரீரி என்னும் தனிமனிதருக்கென ஒரு குரல் ஆயத்தமாக இருக்கவில்லை போலும். இது நம் ஊகமே. எனினும் மதரஸாவில் ஓதிவந்தோர் பலருடைய தமிழைப் படிக்குந்தோறும் இவ்வூகம் வலுப்பெறுகின்றது.

நம்முடைய தமிழும் அதற்கு விலக்கன்று. மாணவப் பருவத்தில் மகாமாத்தை மனனம் செய்த களிப்பில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இணை வாக்கியமும், இரண்டுக்கும் ஒரே ஓசையில் முடிவும் தேடித்தேடி எழுதினோம். வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் அவ்வாறே. எழுத்தறியாத நம் உம்மா அத்தகைய கடிதம் ஒன்றை அண்டைவீட்டுப் பெண்மணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'தம்பி சொகமா இருக்கானா, காசு கேக்குறானா, அதச் சொல்லுங்க லாத்தா' என்றார்களாம். நம் எழுத்தின் மீது வைக்கப்பட்ட முதல் விமர்சனம் அதுவே. அதனை நாம் உணர இருபது ஆண்டுகள் பிடித்தன.

அரபு உரைநடை ஹரீரியிடம் தொடங்கவில்லை என்பதையும் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அல்ஜாஹிள் (ஹி. 255), 'கிதாபுல் புகலா'வில் கஞ்சர்களின் கதைகளைச் சொல்லுமிடத்து, இலக்கண வழுவுள்ள பேச்சைத் திருத்தாமலே விட்டதாக வெளிப்படையாகக் கூறுகின்றார். திருத்தினால் கதையின் சுவை கெடும் என்பது அவர் காட்டும் காரணம். அரபு இலக்கணத்தையும் சொற்கலையையும் கரைகண்ட ஒருவர் இதைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. எளிமை அறியாமையின் மறுபெயர் என்று எண்ணும் நம்மவர்க்கு ஜாஹிளைத்தான் முதலில் ஓதிக்கொடுக்க வேண்டும். நம் பாடத்திட்டங்களிலோ மகாமாத்துக்குக் கிடைத்த இடம் புகலாவுக்குக் கிடைத்ததில்லை.

தாஹா ஹுஸைனின் 'அல்அய்யாம்' முதற்பாகம் 1929இல் நூலாக வந்தது. கண்பார்வையிழந்த அவர் வாயாற் சொல்ல, பிறர் எழுதிய நூல் அது. தம்மை 'அவன்' என்றும் 'நம் நண்பன்' என்றும் படர்க்கையில் வைத்துப் பேசுகின்றார். சொன்னதைச் சற்றே மாற்றி மீண்டும் சொல்கின்றார். வீட்டுக்கு வெளியே இருந்த ஒரு வேலியை நினைவுகூரும் தொடக்கப் பகுதியில், தடவித் தடவி நடக்கும் ஒரு சிறுவனின் காலடி அந்த வாக்கியங்களிலேயே கேட்கின்றது. அங்கே அந்த மீள்கூற்றுக்குத் தேவை இருந்தது. ஆயினும் அதே பழக்கம் அவருடைய ஆய்வுரைகளிலும் தொடர்ந்தபோது சமகாலத்தவர் சிலர் அதைக் குறையாகச் சுட்டினர். நம் கருத்தில் அது நியாயமான குறையே. தன் நடையைக் கண்டடைந்தவர், பிறகு தன்னையே நகலெடுக்கத் தொடங்கும் ஆபத்து ஹரீரியின் ஆபத்தினும் நுட்பமானது.

தமிழில் நமக்கு அண்மைச் சான்று தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019). மலையாள வழியில் கற்ற அவர் தமிழை மலையாள எழுத்தில் எழுத, பிறர் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தனர். 1988இல் வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைப் படித்தபோது அதன் கொச்சையைக் கண்டு நாம் முகஞ்சுளித்ததுண்டு. தமிழ்ப் பாடநூல்களின் வாக்கியங்கள் அவருடைய காதில் படியாமற்போனது ஒரு பேறு என்று இன்று எண்ணுகின்றோம். தேங்காய்ப்பட்டினத்தார் பேச்சு, இடையில் எவரும் செப்பனிடாமல் தாளுக்கு வந்து சேர்ந்தது.

சென்ற கல்வியாண்டில் நம் வகுப்பு மாணவர் ஒருவர், 'எங்கள் வாப்பும்மா மௌத்தான அன்று வீட்டில் அடுப்பெரியவில்லை' என்று ஒரு கட்டுரையைத் தொடங்கியிருந்தார். கை பழக்கத்தில் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'எம் பாட்டியார் இவ்வுலகை விட்டுப் பிரிந்த அத்துயர நாளில்' என்று திருத்திவிட்டோம். இரவில் உறுத்திற்று. மறுநாள் ஏட்டைத் திரும்பக் கேட்டபோது, நம் திருத்தத்தின்படி அழகிய கையெழுத்தில் அவர் கட்டுரை முழுவதையும் பிரதியெடுத்து முடித்திருந்தார். அடுப்பைப் பற்றிய செய்தி அதில் இல்லை.