எல்லையை உயர்த்தித் தீர்க்கும் பழுது

யாழ் குடாநாட்டில் கூரையில் சோலார் பூட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அனேகமாக ஒரே முறைப்பாடுதான் வரும். வெயில் நன்றாக எறிக்கிற நேரத்தில் இன்வேட்டர் நின்றுவிடுகிறது. திரையில் வோல்ற்றேஜ் கூடிவிட்டது என்று சிவப்பு எழுத்து. சில நிமிடங்களில் தானாக எழும்பும், மறுபடி விழும். பூட்டித் தந்த தம்பிக்கு போன் எடுத்தால், அவர் எங்கே நின்றாலும் தன் கைப்பேசியிலேயே செற்றிங்கைத் திறந்து, மேல் எல்லையை 253 வோல்ற்றிலிருந்து 265, 270 என்று ஏற்றிவிடுகிறார். சிவப்பு எழுத்து மறைகிறது, யூனிற் ஏறுகிறது. பழுது தீர்ந்தது என்று எல்லோரும் நம்பிக்கொள்கிறார்கள். இந்த வழக்கம் தவறென்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயத்தைச் சொல்லாமல் குறை சொல்வது சரியல்ல.

முதல் நியாயம் காசு. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கியபோது மின்சார சபைக்கு அனுப்பும் யூனிற்றுக்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் பலர் வங்கியில் கடன் எடுத்தார்கள். 2025இல் புதிதாகச் சேர்ந்த 5 கிலோவாற் வரையான வீட்டுக்கு விலை 20.90 ரூபா. இன்வேட்டர் நடுப்பகலில் இரண்டு மணி நேரம் படுத்தால் அன்றைய விளைச்சலின் நல்ல பங்கு போய்விடும். லைன் திருத்துவதும் ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. மாதத் தவணை கட்டுகிறவருக்கு உடனே வந்து நிற்கும் தம்பிதான் தெய்வம்.

இரண்டாவது நியாயம் இன்னும் ஆழமானது. 1990இல் மின்சாரம் அறுந்தபின் ஆண்டுக்கணக்கில் இந்த மண் விளக்கோடு வாழ்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இது. கையில் இருப்பதை வைத்து இயங்கச் செய்வதுதான் அப்போது தொழில்நுட்பம். தேசிய மின்கட்டம் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வந்து சேர்ந்ததே போர் முடிந்த பிறகுதான். எப்படியாவது ஓட வைத்துவிடும் அந்தக் கெட்டித்தனம் இன்றைய வயர்மன்களுக்கும் வந்திருக்கிறது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் டைனமோ நின்றால் வானொலிதான் நிற்கும். இன்வேட்டரின் எல்லையைத் தொட்டால் அது முழு ஒழுங்கைக்கும் போய்ச் சேருகிறது.

ஏன் என்று பார்ப்போம். ட்ரான்ஸ்போமரிலிருந்து ஒழுங்கைக்குள் நீண்டு போகும் லைனில், கடைசி வீட்டுக்காரர் முன்பெல்லாம் சொன்ன குறை வேறு. மாலை ஏழு மணிக்கு வோல்ற்றேஜ் விழுந்து, பிறிட்ஜுக்கு ஸ்ரெபிலைசர் வாங்கி வைத்தார். அந்த வீழ்ச்சியை ஈடுசெய்ய ட்ரான்ஸ்போமரின் ராப்பை, அதாவது வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் படியை, ஏற்றி வைப்பார்கள். வழக்கமாக ஒரு படிக்கு 2.5 வீதம் கூடும். மின்சாரத்தை நிறுத்தித்தான் அந்தப் படியை மாற்ற முடியும் என்பதால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வைக்க வழியில்லை. இப்போது அதே கடைசி வீட்டின் கூரையிலிருந்து நடுப்பகலில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஓடவேண்டுமானால் அந்த முனையில் வோல்ற்றேஜ் ட்ரான்ஸ்போமரைவிடக் கூடியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றி வைத்த ராப்பின்மேல் இந்த உயர்வும் ஏறுகிறது. கூரையில் சோலாரும் உள்ளே பூட்டுமாக, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் ஒரே ஒழுங்கையில் நாலைந்து இருந்தால், அங்கே தேவையே இல்லாத மின்சாரம் முழுதும் லைனுக்குத்தான் வருகிறது.

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய வோல்ற்றேஜ் 230. அதில் 6 வீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். ஆகவே இன்வேட்டர் 253இல் நிற்கும்போதே, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு உரிய எல்லைக்கு மேலான மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவருக்குச் சோலாரும் இல்லை, வருமானமும் இல்லை. அவருடைய எல்இடி பல்புகள் அடிக்கடி போகின்றன, கிணற்று மோட்டர் சூடாகிறது, பிறிட்ஜின் கொம்பிரசர் உறுமுகிறது. எல்லையை 270 ஆக்கிவிட்டால் இந்தச் செலவை அவர் தலையில் இன்னும் ஏற்றுகிறோம். அவருக்குக் காரணமும் தெரியாது. இந்த வழக்கத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

இத்தனைக்கும் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமான வேலையல்ல. நல்ல வெயிலில், இன்வேட்டர் முழு மூச்சில் ஓடும்போது, மீற்றரடியில் ஒரு அளவும் இன்வேட்டரின் முனையில் ஒரு அளவும் எடுக்க வேண்டும். பிறகு இன்வேட்டரை நிறுத்திவிட்டு மீற்றரடியில் மறுபடி ஒரு அளவு. ஒரு கட்ட இணைப்பில் 5 கிலோவாற் என்றால் ஏறத்தாழ 22 அம்பியர். இன்வேட்டரிலிருந்து மீற்றர்வரை 30 மீற்றர், 4 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொண்டால், போய்வரும் இரு கம்பிகளிலும் சேர்த்து 6 வோல்ற் கூடும். அதையே 10 சதுர மில்லிமீற்றரில் இழுத்திருந்தால் இரண்டரை வோல்ற்றுக்குள் முடிந்திருக்கும். மீற்றரில் 248 இருக்க, இன்வேட்டர் 254ஐக் கண்டு நிற்கிறதென்றால், அது நிற்கக் காரணம் வீட்டுக் கேபிள். அங்கே செற்றிங்கை மாற்றுவது கேபிளுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததை மறைப்பது. இன்வேட்டரை நிறுத்தியும் மீற்றரில் 250 நின்றால் குறை லைனில். அளவையும் நேரத்தையும் எழுதி மின்சார சபைக்குக் கொடுக்கலாம். வெறுமனே ‘கரண்ட் கூட’ என்று 1987க்கு அழைப்பதைவிட, இன்வேட்டரிலிருந்து எடுத்த ஒரு வாரப் பதிவோடு போவது எவ்வளவோ வலுவானது. பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே கட்டத்தில் தொங்குகின்றனவா என்று பார்ப்பதும் அந்தப் பதிவை வைத்துத்தான் தொடங்கும். அதே 5 கிலோவாற்றை மூன்று கட்டங்களில் சமமாகப் பிரித்து அனுப்பினால், அதே கம்பியில் உயர்வு ஆறில் ஒன்றாகக் குறையும். செற்றிங்கில் தேடும் தீர்வு பல இடங்களில் கம்பத்தடியில் இருக்கிறது.

நியூற்றல் தளர்ந்த வீட்டைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. கம்பத்திலோ சுவரிலோ நியூற்றல் இணைப்பு அரித்துப்போனால் (கடற்காற்று வீசும் ஊரில் அது அடிக்கடி நடக்கக்கூடியது) மூன்று கட்ட வீட்டில் ஒரு கட்டத்தின் வோல்ற்றேஜ் ஏறும், இன்னொன்று இறங்கும். ஒரு அறையில் பல்பு வெளுத்து எரியும், மற்ற அறையில் மங்கும். இன்வேட்டர் அதைக் கண்டு நிற்பது அந்த வீட்டுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. நியூற்றல் முழுதாக அறுந்தால் ஒரு கட்டத்தில் 300 வோல்ற்றுக்கு மேலும் போகும். போனில் எல்லையை உயர்த்துகிற தம்பிக்கு இந்த இரண்டு உயர்வுகளுக்கும் இடையில் வேறுபாடு தெரிய வழியே இல்லை. அவர் பார்ப்பது ஒரு எண்ணை மட்டும். என் எதிர்ப்பின் மையம் இதுதான்: எல்லை ஏற்றுவது எப்போதுமே குற்றமல்ல, அளக்காமல் ஏற்றுவது குற்றம்.

செற்றிங்கில் கைவைக்கத்தான் வேண்டுமென்றால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. இன்றைய இன்வேட்டர்கள் பலவற்றில், வோல்ற்றேஜ் ஏற ஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. முழுதாக நின்று எல்லாவற்றையும் இழப்பதற்குப் பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும். மின்சார சபையின் சம்மதத்தோடு அதைப் போட்டுவிட்டு, தோட்டக் கிணற்று மோட்டரையும் இஸ்திரிப்பெட்டியையும் நடுப்பகலுக்கு மாற்றினால் இழப்பு பெரிதாக இராது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இது நன்றாகப் பொருந்தும்.

நாட்டளவிலும் இதே நெருக்கடிதான். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சோலாரின் பங்கு மிக அதிகமாக இருந்ததால் மின்கட்டம் அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போனது என்பது மின்சார சபை தந்த விளக்கம். அடுத்த ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு நாட்களில், பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர்களைச் சபை கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில், பற்றரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுக்கும் யூனிற்றுக்கு 45.80 ரூபா என்று விலையும் வந்தது. பகல் மின்சாரத்தை இரவுக்கு எடுத்துச் செல்வது கொள்கையளவில் மிகச் சரி. ஒழுங்கையின் வோல்ற்றேஜும் இறங்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை வெட்டு நடந்தபோது, கூரையில் பனல் இருந்தும் இருட்டில் இருந்தவர்கள் பற்றரியை நினைத்து ஏங்கியதும் நியாயம். லைனில் மின்சாரம் இல்லாதபோது இன்வேட்டர் நின்றேயாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறும் லைன்மனின் உயிர் போய்விடும்.

ஆனால் பற்றரியோடு வீட்டுக்குள் வருவது அதே பழக்கமும்தான். ஈய அமிலப் பற்றரி பல பிழைகளைப் பொறுத்துக்கொண்டது. கூடச் சார்ஜ் ஏறினால் மணத்தது, தண்ணீர் குறைந்தது, பெட்டி வீங்கியது. வெளியேறும் ஐதரசன் காற்றில் 4 வீதத்தை எட்டினால் தீப்பொறிக்கு வெடிக்கும் என்பதால் ஜன்னல் திறந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லிதியம் அப்படி வெளியில் காட்டாது. அதற்காகப் பேசுவது, உள்ளே இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். பலகை மட்டுமே. பற்றரி ஒரு கம்பனி, இன்வேட்டர் இன்னொரு கம்பனி என்று வாங்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அப்போது தொடர்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, இன்வேட்டரில் ‘ஈயப் பற்றரி’ என்று போட்டு ஓடவிடுகிறார்கள். 16 செல் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி முழுதாக நிரம்பும் அளவு 58.4 வோல்ற். ஈயப் பற்றரிக்கான சமன்படுத்தும் சார்ஜ் இந்த அளவையும் தாண்டலாம். அவசரத்தில் மட்டும் துண்டிக்க வேண்டிய பி.எம்.எஸ். அன்றாடம் துண்டிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு அது பழுதானால் தடுக்க வேறெதுவும் இல்லை.

லிதியம் இரும்பு பொஸ்பேற் மற்ற லிதியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. அந்த நற்பெயரை, பழைய மின்சாரக் கார்களிலிருந்து கழற்றி அடுக்கிய செல்களுக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து. அவற்றுள் பல வேறு இரசாயனம். எந்த வகையானாலும் படுக்கையறையிலும் மாடிப்படிக்குக் கீழும் வைக்க வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியை மறிக்காத, மேற்கு வெயில் படாத, கொங்கிரீற் தரையில் இருக்கட்டும். பற்றரித் தீயை அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும்; யாழ் மாநகர சபையின் தீயணைப்பு வண்டி வடமராட்சி கிழக்குக்கோ தீவுப்பகுதிக்கோ வந்து சேர எடுக்கும் நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீ எப்போதும் செல்லில்தான் தொடங்கும் என்பதுமில்லை. 48 வோல்ற் பற்றரியிலிருந்து 5 கிலோவாற் எடுத்தால் கேபிளில் 100 அம்பியருக்கு மேல் ஓடுகிறது. முறுக்கு சரியாக விழாத ஒரு கேபிள் முனை லக்கில் 5 மில்லிஓம் தடை இருந்தால் போதும், விரல் நுனியளவு இடத்தில் 50 வாற் வெப்பம் பிறக்கும். நாள்தோறும், யாரும் பாராமல். டிசி பக்கத்தில் ஏசி பிரேக்கரைப் போட்டால், நேர்மின் தீப்பொறி தானாக அணையாமல் பிரேக்கருக்குள்ளேயே எரியும். கடைகளில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன, விலையில்தான் வேறுபாடு.

கடைசியாக, மிகச் சில வீடுகளில்தான் சோதித்துப் பார்க்கப்படும் ஒன்று. கரண்ட் போனதும் பற்றரியில் ஓடும் வீட்டில், ஏர்த்துக்கும் நியூற்றலுக்கும் இடையிலான இணைப்பைச் சில இன்வேட்டர்கள் தாமே ஏற்படுத்திக்கொள்ளும், சில ஏற்படுத்தாது. இணைப்பு இல்லாவிட்டால், மோட்டரின் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழாது. சுவிட்ச்சின் ரெஸ்ற் பொத்தானை அழுத்திப் பார்த்து நிம்மதியடைவதில் பயனில்லை. அந்தப் பொத்தான் ஏர்த்தைத் தொடாமல் லைனுக்கும் நியூற்றலுக்கும் இடையிலேயே சோதிக்கிறது, ஆகவே எப்போதும் விழும். சுண்ணக்கல் மேலே தட்டும் நம் மண்ணில் ஏர்த் கம்பி ஆழமாக இறங்குவதே அரிது என்பதால் இது இரட்டைக் கவலை. மெயினை இறக்கி, வீடு பற்றரியில் ஓடும்போது, பிளக்கில் நியூற்றலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் மீற்றரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பூச்சியத்தை ஒட்டி நின்றால் இணைப்பு இருக்கிறது. நூறு வோல்ற்றுக்கு மேல் காட்டினால், அந்தத் தம்பி அன்று செற்றிங்கைத் தொடாமல் ஏர்த்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.