செய்தியின் முதல் பத்தி

இதழியல் படிப்பில் நான் ஆசை ஆசையாகக் கற்றது, செய்தியின் முதல் பத்தியை எழுதத்தான். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி: இவற்றில் முக்கியமானது முன்னே வர வேண்டும். 'குடிநீர் கேட்டுப் பொதுமக்கள் சாலை மறியல்' என்பது வகுப்பில் தந்த பயிற்சிச் செய்தி.

"எத்தனை நாளாத் தண்ணி வரலைம்மா?" என்றார் ஆசிரியர்.

"பத்து நாளா சார்."

"அதைத் தூக்கி மேல போடு."

மறியலைவிட அந்த வறண்ட குழாய்தானே செய்தி! 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யை இப்போது முதல் பத்திகளுக்காகவே கூர்ந்து படிக்கிறேன். சின்ன வாக்கியம், தெரிந்த சொல். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் டீக்கடையில் காதால் கேட்பவருக்கும் புரியும். முக்கியமானதை முன்னே வைக்க இன்னொரு காரணமும் உண்டு: பக்கத்தில் இடம் போதாவிட்டால் துணை ஆசிரியர் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிக்கொண்டே வருவார். முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் செய்தி முழுசாக நிற்கும்.