வாசலுக்கு வரும் பாட்டு: கடற்கரைக் கேரல் ரவுண்ட்ஸின் பலமும் குறையும்

டிசம்பர் பிறந்தால் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கடற்கரைச் சாலை நெடுகத் தேவாலயப் பாடகர் குழுக்கள் ஊர்சுற்றக் கிளம்பிவிடுகின்றன. சபையார் இதைக் ‘கேரல் ரவுண்ட்ஸ்’ என்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் ‘கேரல் பவனி’ என்ற பெயரும் உண்டு. ஜெனரேட்டரும் கீபோர்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி, பின்னால் பைக்குகளில் வாலிபர்கள், முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா, யாராவது ஒரு பெரியவர் கையில் நன்கொடை ரசீதுப் புத்தகம். வாசலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிள்ளைகளுக்கு மிட்டாய், வீட்டார் தரும் கவர். பிறகு அடுத்த வீடு. மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது நள்ளிரவைத் தாண்டுவதும் உண்டு. இந்த வழக்கத்தைக் கொண்டாடுவோரும் சலித்துக்கொள்வோரும் பெரும்பாலும் பாட்டின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு குழு ஒரு வீட்டைத் தேடிப் போய் அதன் வாசலில் சற்று நேரம் நிற்கிறது என்பதே கேரல் ரவுண்ட்ஸின் உயிர். அப்படி நிற்க உதவுவதெல்லாம் பலம், அதை அவசரப்படுத்துவதெல்லாம் குறை என்று வைத்துக்கொண்டு பார்த்தால், நாம் போகப்போகச் சேர்த்துக்கொண்ட வசதிகளில் பலவும் குறைப் பக்கம்தான் போய் விழுகின்றன.

இது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம், நம் மண்ணில் ஒட்டாது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. கேரல் என்ற பெயரும் நான்கு குரல் இசையும் மிஷன் வழியாக வந்தவை. ஆனால் மார்கழியில் வாசல் வாசலாகப் போய்ப் பாடுவதை இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் உருகிப் பாடிய உத்தரகோசமங்கை ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருடைய திருவெம்பாவையே தோழிகள் வாசலில் நின்று தோழியை எழுப்பும் பாட்டு. நோன்பு மாதத்தில் தாயிரா தட்டிப் பாடி சஹர் உணவுக்குத் தெருவை எழுப்பிய பக்கீர்களை முஸ்லிம் ஊர்கள் அறியும். கிறிஸ்தவர்களுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இருந்தார். அவருடையவை உள்ளிட்ட கீர்த்தனைகளை அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டார். வாசல் பாட்டுக்குக் கீர்த்தனையைப் போலப் பொருந்தும் வடிவம் வேறில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடலாம். ஒரு கஞ்சிராவும் ஜால்ராவும் போதும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் வீட்டுப் பாட்டியும் சேர்ந்துகொள்வார். பத்துப் பேரில் நால்வருக்குத் தொண்டை கட்டினாலும் பாட்டு நிற்காது. நான்கு குரல் ஆங்கிலக் கேரலில் ஆல்டோ பாடும் இரண்டு பெண்கள் வராவிட்டாலே அதன் கட்டு தளர்ந்துவிடும். தேவாலயத்துக்குள் அந்த இசையின் அழகே வேறு என்பதை மறுக்கவில்லை. கடற்காற்றில், மணலில் நின்றபடி பாடுவதற்கு அது அமைந்ததல்ல என்பது மட்டுமே என் வாதம்.

பலத்தைப் பேசும்போது இந்தக் கரையின் டிசம்பர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். இங்கே குளிரைவிட வாடைக்காற்றும் மழையுமே பெரிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. வடகடல் கொந்தளிப்பாக இருக்கும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகுகள் கரையிலேயே கிடக்கும், வீடுகளில் வரும்படி இருக்காது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதும் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கையில்தான். 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வந்தது. விழாவும் இழப்பும் ஒரே வாரத்தில் நினைவுக்கு வரும் கரை இது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் கவலை வேறு. 2021இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராமேசுவரம் மீனவர்கள் 40க்கும் மேற்பட்டோர் பிடிபட்டு, பண்டிகை நாளில் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தார்கள். அப்படி ஒரு வீட்டில் அந்த வருடம் நட்சத்திர விளக்குக் கட்ட யாருக்கும் மனம் வராது. கோயிலுக்கு வந்து முன்வரிசையில் உட்காரவும் கூசுவார்கள். அந்த வீட்டுக்குப் பண்டிகை போய்ச் சேர ஒரே வழி, பாடகர் குழு தானாக அந்த வாசலுக்குப் போவதுதான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர், புதிதாகத் தாலி அறுத்தவர், சபையோடு மனத்தாங்கலில் ஆலயத்துக்கு வராமல் இருப்பவர் என்று எல்லாருக்கும் இது பொருந்தும். ஞாயிறு ஆராதனை, அன்பியக் கூட்டம், நற்செய்திப் பெருவிழா என எதுவும் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் அங்கெல்லாம் மக்கள்தான் கிளம்பி வர வேண்டும். கேரல் ரவுண்ட்ஸை ஆதரிக்க இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

ஆனால் பட்டியல் நீண்டதும் அந்தக் காரணம் கரைந்துவிடுகிறது. ஒரே இரவில் நாற்பது வீடு என்று போட்டால், வண்டி நகரும் நேரம் போக வீட்டுக்குச் சில நிமிடமே மிஞ்சும். பாட்டின் இரண்டாம் சரணம் வெட்டப்படும், ஜெபம் ஒப்புக்கு முடியும், வீட்டுக்காரர் சொல்ல வந்ததைக் கேட்க யாரும் நிற்க மாட்டார்கள். பத்து மணிக்கு மேல் குரல்கள் கரகரத்து, எல்லாரும் சுருதிக்கு மேலே கத்தத் தொடங்குவார்கள். ஈரக்காற்றில் மணிக்கணக்காகக் கத்திப் பாடினால் தொண்டை புண்ணாகும். சுக்குக் காபி அதை ஆற்றிவிடாது. விளைவு, கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட வேண்டிய அதே குழு, அன்று விடியற்காலை குரல் போய் நிற்கும். பெரிய பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வும் இதே நாட்களில்தான். இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பிய பையன் காலையில் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறான் என்றால், அதை ஊழியம் என்று அவன் அம்மாவிடம் சொல்ல எந்த ஆயருக்கும் வாய் வராது. நேரம் ஆக ஆகப் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பாதுகாப்பு என்கிறார்கள், சரிதான். ஆனால் குழுவின் பாதிக் குரலை வெளியேற்றும் ஒரு நேரத்தை யார் முடிவு செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எட்டரைக்கு முடித்தால் அனுப்ப வேண்டிய தேவையே வராதே.

ஸ்பீக்கர் பெட்டி தனியாகப் பேச வேண்டிய சங்கதி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் மட்டுமே மாநில அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், சென்னையில் ஒரு சபைக்கும் அதன் அண்டை வீட்டாருக்கும் நடந்த வழக்கில், பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தது. ராமநாதபுரம் போல மூன்று மதத்தாரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் ஊரில் இதைச் சட்டம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? ‘மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்குப் போடவில்லையா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். போடுகிறார்கள், அது அவர்கள் சரிசெய்ய வேண்டியது. அடுத்தவர் தப்பு நமக்கு அனுமதிச் சீட்டாகாது. இதைவிட நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: வாடை வீசும் கரையில் வெறுங்குரல் பத்தடி தாண்டாது என்பார்கள். தாண்டாதுதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாடுபவருக்கும் இடையே பத்தடி இருந்தால் போதாதா? தெருவுக்கே கேட்க வேண்டும் என்ற ஆசை வரும்போதுதான் பெட்டி தேவைப்படுகிறது. அப்போது பாட்டு அந்த வீட்டுக்கு உரியதாக இல்லை, தெருவுக்கான விளம்பரமாகிவிடுகிறது. ஜெனரேட்டர் இரைச்சலோடு போட்டிபோட்டுப் பாடும் குழுவின் பரிதாபத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் பற்றிய வாதம் இன்னும் சிக்கலானது. கவர் வாங்காவிட்டால் ஏழைகளுக்குச் சேலை எடுப்பது எப்படி, ஆலய ஓட்டை மாற்றுவது எப்படி என்று சபைச் செயலர்கள் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் ஊர் ஊராகப் பாடிப் பொருள் திரட்டிய குழுக்களுக்கு உலகில் மதிப்பான முன்னுதாரணம் உண்டு என்பதும் உண்மை. 1871 அக்டோபரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் கிளம்பினார்கள். பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இளைஞர்கள். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த தங்கள் கல்விக்கூடத்துக்காக, போதிய குளிர் உடைகூட இல்லாமல் வடமாநிலங்களில் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876இல் திறக்கப்பட்டது. ஆனால் அந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு: ஓயாத பயணத்தில் உடலும் குரலும் தேய்ந்து 1878இல் குழு கலைந்தது. இன்னொரு வேறுபாடு நம் விவாதத்துக்கு முக்கியம். ஃபிஸ்க் பாடகர்களைக் கேட்க மக்கள் அரங்குக்கு வந்தார்கள். கொடுக்க மனமில்லாதவர் வராமலே இருக்கலாம். நம் குழுவோ வாசலில் வந்து நிற்கிறது. படகு ஏறாத வாரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ரசீதுப் புத்தகம் நீட்டப்படும்போது இல்லை என்று சொல்ல யாருக்கு வரும்? கடன் வாங்கியாவது கவரில் வைப்பார்கள். போகப்போகப் பெரிய கவர் தரும் வீட்டுக்கு இரண்டு பாட்டு, மற்றவருக்கு ஒன்று என்றும், வெளியூர் முதலாளி வீட்டுக்கு இருபது கிலோமீட்டர் வண்டி விடலாம், குப்பத்துக் கடைசி வரிசைக்கு நேரமில்லை என்றும் பட்டியல் தானாகவே சாய்ந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வசூலும் பாட்டும் ஒரே வண்டியில் போனால் இப்படித்தான் நடக்கும். நிதி வேண்டுமென்றால் ஆலயத்தில் ஒரு கேரல் ஆராதனை வைத்து அங்கே காணிக்கை எடுக்கலாம். கொடுப்பவர் கொடுப்பார், மற்றவர் முகம் சுருங்காது.

ஆட்டமும் இரவும் இல்லாவிட்டால் வாலிபர்கள் வரமாட்டார்கள் என்பது கடைசியாக எழும் மறுப்பு. சுற்றும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடவில்லை; பாதி நட்பு அந்தக் குட்டியானையில்தான் விளைகிறது. ஆனால் ஓர் இரவுக் கூத்தை ஆறு மாலையாகப் பிரித்தால் அந்தக் கூட்டு குறையப் போவதில்லை. பட்டியலைக் குறைத்தால் விடுபட்ட வீட்டார் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்கும் அந்த ஆறு மாலையே பதில்: வீடு குறைய வேண்டியதில்லை, நாட்கள் கூட வேண்டும். நாளைக் குறிக்கும்போது கடலையும் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்பது பாக் நீரிணைக் கரையின் ஏற்பாடு. விசைப்படகுக்காரர் தெருவுக்கு அவர்கள் கரையிலிருக்கும் நாளிலும், நாட்டுப்படகுக்காரர் தெருவுக்கு அவர்கள் கடலுக்குப் போகாத நாளிலும் போனால் வீட்டில் ஆள் இருக்கும். இப்போது ஞாயிறு வசதி, வண்டி வாடகை, கீபோர்டு வாசிப்பவரின் ஓய்வு ஆகியவைதான் நாளைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே இந்த வருடம் பட்டியல் போட உட்காரும் பாடகர் குழுத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆள் சிறையில் இருக்கும் வீட்டையும், இந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டையும் முதல் மாலைக்கு எழுதுங்கள். மாலைக்கு எட்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். ஸ்பீக்கரையும் ரசீதுப் புத்தகத்தையும் ஆலய அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.