இயற்றியவரும் இசை வகுத்தவரும்

ராப் என்னும் விரைவுப்பேச்சுப் பாட்டைப் பற்றித் தமிழாசிரியரிடையே இரண்டு கருத்துகள் நிலவக் காண்கிறோம். அது மொழியைக் கெடுக்கிறது என்பது ஒன்று. மாணவர் விரும்புவதால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டும் திறனாய்வு ஆகா.

மலேசியத் தமிழர்க்கு இக்கலையில் தனி உரிமை உண்டு. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழகத்து இளைஞரையும் ஈர்த்தது. அதில் புகழ்பெற்ற 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின்மேல் எழுந்தது. இரவல் மெட்டு வறுமையன்றோ எனச் சிலர் வினவுவர். நந்தனார் சரித்திர மெட்டுகளைப் பாரதியாரே எடுத்தாண்டார் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்!

தமிழ்ச் செய்யுளின் ஒலியழகு பெரும்பாலும் அடியின் தலைப்பக்கம் நிற்பது. மோனையும் எதுகையும் அங்கேயே அமைகின்றன. ராப் பாட்டோ இறுதியில் ஒலி ஒன்றும் இயைபையே பெரிதும் வேண்டுகிறது. 'வந்தேன், நின்றேன், சென்றேன்' என வினைமுற்று விகுதிகளை அடுக்கினால் இயைபு உழைப்பின்றிக் கிடைத்துவிடும். அந்த மலிவான வழியில் எத்துணை முறை ஒருவர் இறங்குகிறார் என்பதே அவர் புலமையை அளக்கும் கோல்.

அரக்கோணத்து அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் இணைந்து தந்த 'தெருக்குரல்' இவ்வளவைக்கு ஈடு கொடுக்கிறது. பெயரைக் கேட்டதும் திருக்குறள் நினைவுக்கு வரும். 'கள்ளமௌனி' என்னும் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அறிந்தும் வாய் திறவாதவனைச் சுட்டும் அவ்வொரு சொல் வசையாகவும் வாதமாகவும் நிற்கிறது. இங்கே இசையமைப்பாளர் பாடலுக்குப் பண் அமைப்பவர் மட்டும் அல்லர். மீண்டும் மீண்டும் சுழலும் தாளக்கட்டை அவர் வகுக்க, குறிலும் நெடிலும் அதனுள் அடங்கியும் மீறியும் நடக்கின்றன. தண்ணீர்மலையில் தைப்பூச உறுமியைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இது புதிதன்று. தாளம் இல்லையேல் அச்சொல் பிறந்திராது. ஆகவே தொகுப்பு இருவர் பெயரையும் தாங்கி வந்தது முறையே.

பரிபாடல் இதற்குப் பழஞ்சான்று. மூன்றாம் பாடலை இயற்றியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். மூன்றையும் குறித்து வைத்தனர் நம் முன்னோர். யார் எதைச் செய்தார் என்னும் ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

2021இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'க்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை அறிவு அதில் கொணர்ந்தார். ரப்பர்த் தோட்ட வரலாறுடைய நமக்கு அது அயலார் கதையன்று. உலகெங்கும் அது பரவிய பின், 2022இல் படைப்புரிமை பற்றிய பூசல் எழுந்தது. பாட்டை அமைத்ததும் எழுதியதும் தாமே என்றார் அறிவு. கூட்டு உழைப்பென விளக்கினார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். எழுதியவன், பாடியவன், தாளம் வகுத்தவன் என்னும் பிரிவுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும் இக்கலைக்கு 'இசை', 'பாடல்' என்னும் திரைப்பட வழக்குப் போதவில்லை. பரிபாடலின் அடிக்குறிப்பை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், இப்பூசலையும் உடன்வைத்து மாணவரை வாதிடச் செய்யலாம்.