வழிகாட்டி யாருடைய ஆள்?

பெங்களூரின் தொழிற்பயிற்சி மையங்களில் 'கவுன்சலர்' என்றொரு பதவி உண்டு. பெயருக்குத்தான் கவுன்சலர், பல இடங்களில் மொபிலைசரும் அவரேதான். குடியிருப்புகளில் நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்ப்பது, ஆதாரையும் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி பேட்சை நிரப்புவது, பயிற்சி முடிந்ததும் கம்பெனி வாசல்வரை கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் தலையில் விழும். அமெரிக்காவின் வயதுவந்தோர் கல்வியில் இதையொத்த வேலை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவர், வேலை பறிபோனவர், புதிதாகக் குடியேறியவர் ஆகியோருடன், என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் நாள் தொடங்கி வேலையில் காலூன்றும் நாள்வரை கூடவே வருகிறவர் அங்கே தொழில் வழிகாட்டி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் 'இந்தப் பயிற்சி உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்ல இருவரில் யாருக்கு வழி இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

அதைச் சொல்ல முடிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 2014-இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா கிராமப்புற ஏழை இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தும் திட்டம். அதன் பீகார், ஜார்க்கண்ட் மையங்களில் பாஸ்கர் சக்ரவர்த்தி, விஜி அருளம்பலம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சில பேட்சுகளுக்கு மட்டும், கிடைக்கப்போகும் வேலைகள் எப்படிப்பட்டவை என்பதை விளக்க இரண்டே இரண்டு அமர்வுகள். அந்த பேட்சுகளில், அமர்த்தப்பட்ட வேலையிலேயே நிலைப்பது 18 சதவீதம் கூடியது. காரணம் அதைவிடச் சுவையானது: மிதமிஞ்சிய எதிர்பார்ப்போடு வந்தவர்கள் உண்மை தெரிந்ததும் வேலைக்குப் போகும் முன்பே விலகிக்கொண்டார்கள். மையத்தின் பதிவேட்டில் அவர்கள் 'டிராப்-அவுட்'. அவர்களுடைய வாழ்க்கைக் கணக்கில் பார்த்தால், ஊர்விட்டு ஊர் போய் இரண்டே மாதத்தில் மனம் உடைந்து திரும்பும் அலைச்சல் மிச்சம். நல்ல வழிகாட்டுதலின் பலன் எந்த ரிஜிஸ்டரில் இழப்பாக எழுதப்படுகிறதோ, அந்த ரிஜிஸ்டரை வைத்து வழிகாட்டியை எடைபோடக் கூடாது.

இங்கே எடைபோடுவதோ அப்படித்தான். மத்திய அரசின் திறன்பயிற்சித் திட்டமான பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி நிறுவனத்துக்கான தொகை மூன்று தவணைகளாக வந்தது: வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் அமர்த்தியபின் 20. ஆக, ஒருவருக்கும் வேலை கிடைக்காவிட்டாலும் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்துவிடும். நாற்காலி காலியாக இருந்தால் எதுவுமே வராது. இந்தக் கணக்குக்குள் சம்பளம் வாங்குகிறவர் வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது அவருடைய நேர்மையைச் சோதிக்கும் காரியம். தமிழர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள்கட்டிப்போன கங்காணியும் ஒருவகையில் வழிகாட்டிதான். ஊர்க்காரர், மொழி தெரிந்தவர், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர். ஆனால் துரையின் ஆள். அவருக்கும் தலைக்காசுதான் வருமானம். ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தன் ஆள் வேலைக்கு இறங்கிய நாட்களைக் கணக்கிட்டுத்தான் கங்காணிக்குத் தலைக்காசு. சேர்த்துவிட்டபின் அந்த ஆள் என்ன ஆனான் என்பதில், இன்றைய மொபிலைசரைவிட அவருக்கு அக்கறை கூடுதலாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் தனி ஆள் எதற்கு, சொந்தபந்தம் போதாதா என்று கேட்கலாம். பெங்களூரில் வேலைக்கு வந்த தமிழர் பலருக்கும் வழிகாட்டியது மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோதான். கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நடுவயதில் வேறு தொழில் தேட வேண்டியிருந்தது. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை அப்போது பரவியது. அந்த ரயில் பெட்டிதான் அவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அரசு கைவிட்ட இடத்தில் அது சோறு போட்டது. ஆனால் உறவுக்காரருக்குத் தான் பார்க்கும் வேலை மட்டுமே தெரியும். செக்யூரிட்டியில் இருப்பவர் செக்யூரிட்டிக்கு அழைப்பார், ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர் ஹவுஸ்கீப்பிங்குக்கு. சுரங்கத்தில் இயந்திரம் பழகிய கைக்குப் பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் என்ன மதிப்பு என்று விசாரித்துச் சொல்ல அந்தப் பெட்டியில் ஆள் இருப்பது அரிது. அறிமுகத்தின் எல்லையே வாழ்க்கையின் எல்லையாகிவிடுவதும், அது பெரும்பாலும் சாதியின் எல்லையாகவும் இருப்பதும்தான் வெளியாள் ஒருவர் தேவைப்படுவதற்கு வலுவான காரணம்.

அந்த வெளியாளின் வேலையை ஒரு போர்ட்டல் செய்துவிடாதா? 2015 ஜூலையில் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் அந்த நம்பிக்கையில் பிறந்தது. தொழிற்பயிற்சி முடித்த இந்திய இளைஞர்களை ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் சேர்த்துவிட்டுக் கவனித்த எரின் கெல்லி, கிறிஸ்டோபர் க்சோல், ஜெரமி மக்ரூடர் ஆகியோரின் ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும் நல்ல வேலை வந்துவிடும் என்று எதிர்பார்ப்பு ஏறியது. கிடைத்த வேலையை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தவர்கள் கூடினார்கள். நாளாக ஆகத்தான் அது தணிந்தது. தகவல் வந்தது, அதைத் தன் நிலைமையோடு பொருத்திப் பார்க்கத் துணை வரவில்லை. பெங்களூரின் பிராமிஸ் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த உளவியலாளர் கிடியன் அருள்மணி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதையொட்டியதே: தொழிலைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் ஊறிப்போன நம்பிக்கைகளைத் தொடாமல் வெறும் பட்டியலை நீட்டிப் பயனில்லை. 'படித்துக் காத்திருக்க நமக்கு வசதி இல்லை' என்று நம்பும் குடும்பத்திடம் முதலில் பேச வேண்டியது அந்தக் காத்திருப்புக்கான செலவைப் பற்றித்தான்.

இவ்வளவு சொன்னபிறகு இந்தப் பணியின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டியால் கூலியை உயர்த்த முடியாது. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளருக்குத் தகவல்தொடர்பு, நேர மேலாண்மை போன்ற மென்திறன் பயிற்சி தந்து அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நைஷதம் ஆகியோர் நடத்திய ஆய்வில், பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர வருவாய், செலவில் 250 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பெண்களின் கூலி உயர்ந்தது ஏறத்தாழ அரை சதவீதம். திறன் கூடினால் சம்பளம் கூடும் என்று எல்லா மையங்களிலும் சொல்லப்படும் வாக்குறுதிக்கு இந்த ஊரே தந்த பதில் இது. பி.எஃப். பணத்தை எடுக்கக் கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்து 2016 ஏப்ரலில் இதே தொழிலின் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. வயதுவந்த தொழிலாளிக்கு எது கவலை என்பதை அந்தச் சாலை சொன்னது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இன்டர்வியூவுக்கு எப்படி உடுத்துவது என்று மட்டும் சொல்லித்தரும் கவுன்சலிங், கம்பெனிக்கான முன்தயாரிப்பாக முடிந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வழிகாட்டுதல் என்ற சொல்லே பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பயன்படலாம். கௌசல் விகாஸ் யோஜனாவின் முதல் மூன்று கட்டங்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கண்காணிக்கப்பட்டது. நான்காம் கட்டத்தில், பயிற்சி பெற்றவர்கள் தத்தமக்கு ஏற்ற தொழில்பாதையைத் தேர்ந்தெடுக்க உதவுவதே நோக்கம் என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்காமல் விட்டால் தோல்வி முழுவதும் தேர்ந்தெடுத்தவர் தலையில் போய் விழும்.

கர்நாடகத்தில் இதைச் சரிசெய்யப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய யுவநிதித் திட்டம் வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும் டிப்ளமோ படித்தவருக்கு 1,500 ரூபாயும் இரண்டு ஆண்டுவரை தருகிறது. யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது. காத்திருப்புக்கான செலவில் ஒரு பங்கும் கொடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலோடு, பயிற்சி மையத்திடம் சம்பளம் வாங்காத, கன்னடத்தோடு தமிழும் உருதும் தெலுங்கும் பேசக்கூடிய வழிகாட்டிகளை அரசு இணைக்கட்டும். பட்டமோ டிப்ளமோவோ இல்லாத நாற்பது வயதுக்காரருக்கும் அவர்களிடம் போக வழி இருக்கட்டும். அவர்களுடைய வேலையை மதிப்பிட ஆறாம் மாதச் சம்பளச் சீட்டையும், எத்தனை பேரிடம் 'வேண்டாம்' என்று சொன்னார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் கேட்கட்டும்.