கள்ளும் பாட்டும்

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் அதியமான் கோட்டம் இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் ஔவையாருக்கும் இருந்த நட்பை அது நினைவூட்டுகிறது.

ஔவையின் கச்சேரிக்கு மேடை வேண்டியிருக்கவில்லை. கள் கொஞ்சம் கிடைத்தால் அஞ்சி அவருக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவரைப் பாடவிட்டு, மகிழ்ந்து குடிப்பான். அவன் இறந்தபின் ஔவை பாடிய புறநானூறு 235 இதைச் சொல்கிறது. இப்படியொரு ரசிகன் எந்தச் சபாவில் கிடைப்பான்?

பக்கவாத்தியம் அதே நூலின் 103ஆம் பாட்டில் வருகிறது: ஆடிப்பாடும் விறலியின் தோள்சுமையில் ஒருபுறம் பதலை, மறுபுறம் சிறுமுழா.

92ஆம் பாட்டில் ஔவை தன்னையே கிண்டலடிக்கிறார். மழலை யாழோடும் சேராது, பொழுதுக்கும் பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு இனிக்கும். தன் சொல்லும் அஞ்சிக்கு அப்படித்தானாம். பண்ணுக்குப் பொழுது பார்த்த காலத்தில் அது துணிச்சலான பேச்சுதான்.