அசையும் திரையும் கேட்கும் செவியும்: சேர்வராயன் மலைப்பாடல்களை முன்வைத்து இசைத்தள வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமுன், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நிறுவிய அப்படநிறுவனம் ஓய்ந்து பல்லாண்டுகள் ஆயினும் அதன் பாடல்கள் ஓயவில்லை. ‘மந்திரி குமாரி’ (1950) எனப் படத்தின் பெயரையோ ஜி. இராமநாதன் என இசையமைப்பாளரின் பெயரையோ தட்டச்சிட்டால் பாடல் இணையத்தில் கிடைத்துவிடுகிறது. அவ்வளைவைக் கடந்து 20 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் வருகின்றன. அங்குப் பாடப்படும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் சேர்வராயன் விழாப் பாட்டுக்கும் படப்பெயர் இல்லை. இயற்றியவர் பெயர் இல்லை. பல பாடல்களுக்குத் தலைப்பும் இல்லை. இவற்றுக்கென ஓர் இணையத்தளம் அமைக்கப்படுமாயின் அதன் திரையில் எது அசையலாம், எது அசையாதிருக்க வேண்டும் என்ற வினா எழும். அழகியல் சார்ந்ததாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் அத்தளம் யாருக்கானது என்ற வினா அடங்கியிருக்கிறது.

அசைவூட்டத்துக்கும் பயன்பாட்டெளிமைக்கும் இடையிலான பிணக்கு புதிதன்று. 2000ஆம் ஆண்டிலேயே யாக்கோபு நீல்சன், ஃபிளாஷ் நுட்பத்தின் பயன்பாடுகளில் ஏறத்தாழ அனைத்தும் பயனருக்குக் கேடே என்று கடுமையாக எழுதினார். அன்று அது மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஒலியும் அசைவும் ஒருங்கே இயங்க அந்நுட்பம் இடமளித்ததால் இசைத்தளங்கள் அதனை விரும்பி ஏற்றன. ஆனால் 2007இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனமும் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. பாடல், பாடலின் பெயர், பட்டியல் ஆகிய மூன்றையும் அசைவூட்டத்துக்குள்ளேயே பொதிந்துவைத்த தளங்கள் அசைவை மட்டும் இழக்கவில்லை. பட்டியலையும் சேர்த்து இழந்தன. ஆவணத்தை அலங்காரத்துக்குள் பூட்டிவைத்தால் நேர்வது இதுதான். மீண்டும் பாடிப் பதிவுசெய்ய ஆள் இல்லாத வாய்மொழிப் பாடல்களுக்கு இத்தகைய இழப்பு ஈடுசெய்ய இயலாதது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது சங்கீதப்ரியா தளம். தன்னார்வலர்கள் வணிக நோக்கின்றிக் கருநாடக இசைக் கச்சேரிப் பதிவுகளைப் பகிரும் அத்தளத்தின் முகம் பெரிதும் எழுத்தும் அட்டவணையுமே. பாடல், இராகம், இயற்றியவர் என்னும் நிரல்களைக் கண்டதும் இரசிகர் தமக்கு வேண்டியதை அடைகிறார். இவ்வெளிமையைப் பாராட்டுவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அந்த அட்டவணை எளிதாக இருப்பது அதனைப் படிக்கத் தெரிந்தவர்க்கே. தோடிக்கும் தன்யாசிக்கும் வேறுபாடு அறியாதவர்க்கு அது பெயர்களின் நெடுநிரை. உரோமன் எழுத்தில் ஒரே இராகம் பலவாறு எழுதப்படும்போது தேடலும் தடுமாறும். எனவே அசைவைத் துறப்பதனால் மட்டும் ஒரு தளம் பயன்பாட்டெளிமை பெற்றுவிடுவதில்லை.

பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம் உருவாக்கிய துன்யா தளம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. கருநாடக இசை உள்ளிட்ட ஐந்து இசைமரபுகளை எடுத்துக்கொண்ட அத்திட்டத்தின் தளத்தில், பாடகரின் குரலேற்ற இறக்கம் ஒரு கோடாக வரையப்படுகிறது. பாட்டு நகர, அக்கோட்டின்மீது குறியும் நகர்கிறது. திரையில் அசைவது இங்கு இசையின் காலமே. செவி ஒருமுறை கேட்டுத் தவறவிட்ட கமகத்தைக் கண் பிடித்துக்கொடுக்கிறது. இசைத்தளத்தில் அசைவூட்டம் தன் இடத்தை ஈட்டிக்கொள்ளும் வகை இது. ஒலி ஏறிக்கொண்டிருக்கிறது, ஒலிக்கிறது, நின்றுவிட்டது என்பவற்றைக் காட்டும் சிறுகுறிகளும் இவ்வகையினவே. துள்ளும் இசைக்குறிகள், பறக்கும் வீணைகள், தானே சுழலும் படவரிசைகள் ஆகியன ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; கேட்கும் கவனத்தில் பங்கு கேட்கின்றன.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அளவுகோல் தருகிறது. தானே தொடங்கி 3 நொடிக்கு மேல் ஒலிக்கும் ஒலியை நிறுத்தவோ அதன் அளவைக் குறைக்கவோ வழி இருக்க வேண்டும். பிற உள்ளடக்கத்தோடு தானே தொடங்கி 5 நொடிக்கு மேல் அசைவதை நிறுத்தவும் வழி வேண்டும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற கேட்பாளருக்குத் தானாக ஒலிக்கும் பாட்டு அம்மென்பொருளின் குரலையே மூழ்கடித்துவிடும். இசைத்தளத்துக்கு யாரினும் உரிமையோடு வரக்கூடியவர் அவரே என்பதை வடிவமைப்பாளர் மறப்பது வியப்பளிக்கிறது.

சேர்வராயன் மலைக்குத் திரும்பினால் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ‘மலையாளிப் பாடல்’ என்று தேடுவோரைத் தேடுபொறி கேரளத்துக்கு அழைத்துச் சென்றுவிடும். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் இனப்பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். மலையின் பெயரும் சேர்வராயன், செர்வராயன், சேர்வராயர் எனப் பலவாறு எழுதப்படுகிறது. எத்தகைய அசைவூட்டமும் இதனைச் சரிசெய்யாது. திரைப்பாடலுக்குப் படப்பெயரும் கீர்த்தனைக்கு இராகமும் திறவுகோல்கள் எனில், மலைப்பாடலுக்குத் திறவுகோல் அது பாடப்படும் சூழல்: எந்த ஊர், எந்த நாடு என்னும் மலைப்பிரிவு, எந்தச் சடங்கு, பாடுபவர் யார், கேட்பவர் யார். இவை எழுத்தாக, தேடக்கூடியனவாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். மலைச்சரிவில் அலைபேசி அலைவரிசை நலிவுறும் இடத்தில் முதலில் வந்துசேர்வது இவ்வெழுத்தாகவும், அடுத்து ஒலியாகவும், எஞ்சியன இறுதியாகவும் அமைதல் வேண்டும். பெரும்பாலான தளங்கள் இவ்வரிசையைத் தலைகீழாகவே வைத்திருக்கின்றன: முகப்பின் காணொளி முதலில், பாடல் கடைசியில்.

ஒப்பாரியை எடுத்துக்கொண்டால் பயன்பாட்டெளிமை என்ற சொல்லே போதாமற்போகிறது. இறந்தவரின் பெயர் சொல்லி ஒரு பெண் பாடிய பதிவு, பக்கம் திறந்தவுடன் தானாக ஒலிப்பதையும் அதன் பின்னணியில் மூடுபனி தவழும் மலைக்காட்சி அசைவதையும் கருதிப் பார்க்கலாம். ஏற்காட்டுச் சுற்றுலாப் படங்கள் பழக்கிவைத்த அழகு அது. ஓர் இழவு வீட்டின் குரலை அது கண்கவர் காட்சியின் பின்னணி இசையாக்கிவிடுகிறது. பாடியவரின் உறவினர் அப்பக்கத்தைத் திறக்க நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது, கேட்பதா வேண்டாமா எனத் தாமே முடிவுசெய்வதற்கான அமைதியான ஒரு பொத்தான். இசைத்தள வடிவமைப்பு குறித்த விவாதங்கள் இந்த ஒழுக்கப் பக்கத்தைப் போதிய அளவு எண்ணவில்லை.

துன்யாவின் கோடு மலைப்பாடலுக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளவும் இயலாது. தனிக்குரலை முன்னிறுத்தும் கச்சேரியை மனத்திற்கொண்டு அமைந்தது அக்கணிப்பு. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் பின்பாடி, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலிக்கும் விழாப் பாட்டில் ஒற்றைக் கோடு எவருடைய குரலைத் தொடரும்? முன்பாடுபவரின் குரலைப் பிடித்துக்கொண்டு பின்பாடும் கூட்டத்தைக் குலைவாகக் கருதி விட்டுவிடக்கூடும். அத்தகைய பதிவுகளுக்கு அசையாத ஒரு நிழற்படமும், முன்பாடியவர், பின்பாடியவர்களின் பெயர்களை அவர்கள் இசைவோடு தாங்கிய நான்கு வரிக் குறிப்பும், பாடலின் சொற்களும் கூடுதலாக உதவும். ஒலி செல்லும் இடத்துக்கேற்ப வரிகள் மட்டும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தால், வட்டார வழக்கைத் தொடர இயலாத சமவெளி ஆய்வாளரும் பாட்டோடு செல்ல முடியும்.